பாப்பி குத்தாத சட்டை: போரில் இறந்தோரை நினைப்பதில் அவரவர் விருப்பம்

அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் ரயில் நிலைய வாசலிலும் பெரிய கடைகளின் வாசலிலும் உண்டியலோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். தட்டில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூக்கள் இருக்கும், போரில் இறந்த வீரர்களின் நினைவாக. அதற்கு விலை கிடையாது. இஷ்டப்பட்டதைப் போட்டுவிட்டு ஒரு பூவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். நவம்பர் பிறந்துவிட்டால் செய்தி வாசிப்பவர், நாடாளுமன்ற உறுப்பினர், கால்பந்து வீரர் என்று திரும்பிய பக்கமெல்லாம் அந்தப் பூதான். அங்கே புதிதாகக் குடியேறுகிற நம்மவர்களுக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். நாமும் இதைக் குத்திக்கொள்ள வேண்டுமா? குத்தாவிட்டால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

சட்டத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. அந்தப் பாப்பிப் பூவை வழங்குவது ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் நல அமைப்பு. அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. இருந்தும் அணியாமல் திரையில் தோன்றுகிறவர்கள் ஆண்டுதோறும் வசவு வாங்குகிறார்கள். சேனல் 4 செய்தி வாசிப்பாளர் ஜான் ஸ்நோ எந்தச் சின்னத்தையும் அணிந்து திரைக்கு வருவதில்லை என்று வைத்திருந்தார். 2006இல் அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஐடிவியின் ஷார்லீன் வைட்டும் அதே முடிவை எடுத்தபோது அவருக்கு வந்தவற்றில் பெரும்பகுதி நிறவெறி வசை. விருப்பம் என்று சொல்லப்படும் ஒன்று எப்படிக் கடமையாகிறது, கடமையானால் என்ன கெடுகிறது என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போவது.

போரில் இறந்த ஒருவர்மேல் பல பேருக்கு உரிமை இருக்கிறது. வீட்டாருக்கு அவர் மகன், கணவன், அப்பா. கூட நின்று சண்டையிட்டவர்களுக்கு அவர் தோழன். அனுப்பிவைத்த அரசுக்கு அவர் நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரர். அவருடைய துப்பாக்கிக்கு எதிரே நின்றவருக்கோ அவர் வேறு ஆள். எல்லாரும் நினைப்பது ஒரே மனிதரை; ஆனால் நினைக்கும் விதம் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் வீடுகளிலேயே ஒரே அப்பாவுக்கு மூத்தவன் திதி கொடுப்பான், இளையவன் முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவான், மகள் அன்றைக்கு யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். யாருக்குப் பாசம் அதிகம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. நாடு, கொடி, எதிரி என்று வந்துவிட்டால் மட்டும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

முதல் உலகப் போரின் அகழிகளில் சண்டையிட்ட பிரிட்டிஷ் வீரர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஹாரி பேட்ச். 2009இல் 111 வயதில் இறந்தார். அந்தப் போர் நின்ற நாளான நவம்பர் 11இல் நடக்கும் அரசு விழாவை அவர் வெறும் காட்சி என்றுதான் கருதினார். அவருடைய நினைவு நாள் செப்டம்பர் 22. 1917இல் அந்த நாளில்தான் பெல்ஜியத்தில் ஒரு குண்டு அவருடைய லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவின்மேல் வெடித்து மூன்று நண்பர்களைக் கொன்றது. ஆண்டுதோறும் அந்த நாளை அவர் தனக்குள்ளேயே கழித்தார். போர்முனையில் நின்றவரே அரசு குறித்த தேதியை ஏற்கவில்லை. அவரிடம் போய் “உனக்கு இறந்தவர்மேல் மரியாதை இல்லையா” என்று எந்த வாயால் கேட்பது?

பூ வந்த வழி

பாப்பி ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. முதல் உலகப் போரில் குண்டு கிளறிப்போட்ட பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மண்ணில் அது களையாக முளைத்த பூ. கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய கவிதையில் இடம்பெற்றது. அதைப் படித்த மோய்னா மைக்கேல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1918 நவம்பரில் அதை அணியத் தொடங்கினார். அன்னா கெரென் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, போரில் சீரழிந்த பிரான்ஸின் பெண்களும் பிள்ளைகளும் செய்த துணிப் பாப்பிகளை நாடு நாடாக எடுத்துச் சென்று நிதி திரட்டினார். 1921இல் லீஜன் தொடங்கப்பட்டதும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. அந்த நவம்பரில் கொண்டுவந்த பூக்கள் எல்லாமே விற்றுத் தீர்ந்து 1,06,000 பவுண்டு சேர்ந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் கைகால் இழந்த வீரர்களை வைத்தே பூ செய்யும் தொழிற்சாலை வந்தது. ஆக, வேலையில்லாமல் தெருவில் நின்ற முன்னாள் வீரர்களுக்குச் சோறு போட வந்த பூ அது. அணியாதவரை அடையாளம் காட்டுவதற்காக யாரும் அதைக் கொண்டுவரவில்லை.

அந்த முதல் ஆண்டுகளில் எப்படி நினைவுகூர்வது என்பதே முடிவாகவில்லை. 1919 நவம்பர் 11இல் முதல் இரண்டு நிமிட மௌனம் நடந்தது. அதை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கோரிக்கையாகத்தான் வைத்தார். அந்த ஆண்டுகளின் நவம்பர் 11 இரவுகளில் பிழைத்து வந்தவர்கள் பலர் நடன விருந்துகளுக்குப் போனார்கள். உயிரோடு திரும்பிவிட்ட மகிழ்ச்சி அவர்களுக்கு. மகனை இழந்த தாய்க்கு அது குத்தலாக இருந்தது. இரண்டு பேர் உணர்வும் நியாயம்தான். லூட்டன் நகரத்திலோ 1919 ஜூலை 19 அன்று சமாதான விழா கலவரமாகவே முடிந்தது. பூங்காவில் தாங்களே நினைவுக் கூட்டம் நடத்த அனுமதி கேட்ட முன்னாள் வீரர்களுக்கு நகரசபை இடம் தரவில்லை. ஊர்வலத்தன்று கூட்டம் கொதித்து எழுந்து நகர மண்டபத்துக்கே தீ வைத்துவிட்டது. தீ வைத்ததைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இறந்தவர்களின் தோழர்களை ஓரமாக நிறுத்திவிட்டு அவர்கள் பேரில் விழா எடுப்பது எவ்வளவு கசப்பை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேட வேண்டாம்.

லண்டனில் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் வடிவமைத்த செனோடாஃப் என்ற நினைவுச் சின்னம், அதே சமாதான விழாவுக்காக மரத்திலும் சாந்திலும் தற்காலிகமாகக் கட்டிய ஒன்று. மக்கள் தாங்களாக வந்து அதன் அடியில் மலர் குவித்தார்கள். அதைப் பார்த்த பிறகே அரசு அதைக் கல்லில் கட்டியது. உள்ளே யாரும் இல்லாத வெற்றுக் கல்லறை. சிலுவையோ வேறு மதச் சின்னமோ அதில் இல்லை. அதனால்தான் யார் வந்து நின்றாலும் தன் வீட்டுப் பிள்ளையை அங்கே நினைத்துக்கொள்ள முடிந்தது. பொது நினைவுச் சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

கல்லறை யாருடையது?

தனிமனித விருப்பம் பற்றிய வாதம் கடுமையாக நடந்தது பூவைப் பற்றி இல்லை, கல்லறையைப் பற்றித்தான். இந்தக் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். எளிதில் ஒரு பக்கம் சாய முடியாத கதை.

1917இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் பிரிட்டனில் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அது இரண்டு முடிவுகளை எடுத்தது. எந்த உடலும் ஊருக்குக் கொண்டுவரப்படாது. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவத்தில் கல் வைக்கப்படும்; தளபதி என்றும் சிப்பாய் என்றும் பேதம் கிடையாது. பணக்காரர் தம் பிள்ளையைக் கொண்டுவந்து பளிங்கு மண்டபம் கட்டுவார், கூலிக்காரரின் பிள்ளை அந்நிய மண்ணில் மரச் சிலுவையோடு கிடப்பான் என்ற நிலை வரக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதற்கு என்னால் எதிர்ப்புச் சொல்ல முடியவில்லை.

ஆனால் தாய்மார்களால் அதை ஏற்க முடியவில்லை. எக்ஸிடர் மறைமாவட்ட ஆயரின் மனைவி ஃப்ளாரன்ஸ் செசில் போரில் மூன்று மகன்களை இழந்தவர். கல்லறைமேல் கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வைக்க அனுமதி கேட்டு 1919இல் வேல்ஸ் இளவரசரிடம் மனு கொடுத்தார். 8,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது நாட்டுக்குக் கொடுத்தோம், செத்த பிறகாவது எங்களிடம் கொடுங்கள் என்பதுதான் அந்தக் குடும்பங்களின் கேள்வியின் சாரம். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரும் விவாதம் நடந்தது. ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது.

அமெரிக்கா வேறு வழி எடுத்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டது: உடலை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே விட்டுவைக்கவா? பெரும்பாலானோர் கொண்டுவரச் சொன்னார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 1918இல் விமானச் சண்டையில் இறந்த தன் மகன் குவென்டினை விழுந்த இடத்திலேயே இருக்கவிடச் சொன்னார். பிரான்ஸும் 1920இல் உடல்களை அரசுச் செலவில் சொந்த ஊருக்குக் கொண்டுபோகக் குடும்பங்களுக்கு வழி செய்தது. ஒரே போர், ஒரே மண். மூன்று நாடுகள் மூன்று விதமாக முடிவெடுத்தன.

பிரிட்டிஷ் ஆணையம் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்த இடம் ஒன்று உண்டு. கல்லில் படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த நாள், மதச் சின்னம் எல்லாம் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல, குடும்பத்தார் சொந்தமாக ஒரு வரி பொறித்துக்கொள்ளலாம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு முதலில் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கேட்டார்கள். பிறகு கட்டாயக் கட்டணம் இல்லையென்றார்கள். நியூசிலாந்து அரசு மட்டும், எல்லாரும் சமம் என்ற காரணத்தைச் சொல்லி, தன் வீரர்களின் கல்லில் அந்த ஒரு வரியையும் அனுமதிக்கவில்லை.

அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இரண்டு கல்லைச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் டைன் காட் கல்லறையில் 1917 ஆகஸ்டில் இறந்த ஒரு இளம் அதிகாரியின் கல்லில், போர் போரை ஒழிக்கும் என்ற பொய் நம்பிக்கைக்குப் பலியானவன் என்று பொறித்திருக்கிறது. இரண்டாவது பிரான்ஸில் பைலுல்மோன் என்ற ஊரில் இருக்கிறது. படையைவிட்டு ஓடியதற்காக 1916இல் சொந்தப் படையே சுட்டுக்கொன்ற ஆல்பர்ட் இங்காமின் கல் அது. காயத்தால் இறந்தான் என்றுதான் அப்பாவுக்கு முதலில் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்த பிறகு அவர் ஒளிக்கவில்லை. விடியற்காலையில் சுடப்பட்டான், முதலில் படையில் சேர்ந்தவர்களில் ஒருவன், தந்தைக்கு ஏற்ற மகன் என்று பொறிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் அந்த வரி சரியாக 66 எழுத்து வருகிறது. இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு அளித்தது. அந்தத் தந்தை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தன் தீர்ப்பைக் கல்லில் எழுதிவிட்டார். பிடிக்காத வரிகளை மறுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருந்தது. இவற்றை அது மறுக்கவில்லை என்பதை மெச்சத்தான் வேண்டும்.

இந்தியச் சிப்பாய்கள் விஷயத்தில் மதத்துக்கு ஏற்ற ஏற்பாடு சில இடங்களில் நன்றாகவே நடந்தது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அங்கே 1921இல் சத்ரி என்ற நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. முஸ்லிம்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே நிலைமை வேறு. 2021 ஏப்ரலில் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, பலருக்கு எந்தச் சின்னமும் இல்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் ஆகப் பெரும்பாலானோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டும் இருந்தது. சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே நின்றார்கள். மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, போன படைகளில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் உண்டு. நம் ஊர்ப்பக்கம் சில கிராமங்களில் இன்றும் ஒரு சின்னக் கல் பதித்திருக்கும்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று. எண் உண்டு, பெயர் இல்லை. எப்படி நினைப்பது என்ற விருப்பத்துக்கு முன்னால், நினைக்க ஒரு பெயராவது வேண்டும்.

வெள்ளைப் பூ, பூவரசம் பூ

சிவப்புப் பாப்பி தங்கள் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லவில்லை என்று நினைத்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். 1933இல் கூட்டுறவு மகளிர் கில்டு வெள்ளைப் பாப்பியை அறிமுகம் செய்தது. அந்த அமைப்பின் பெண்கள் பலர் போரில் கணவனையும் மகனையும் அண்ணன் தம்பியையும் இழந்தவர்கள். எல்லா நாட்டு வீரர்களையும், சண்டையில் சிக்கி இறந்த பொதுமக்களையும் சேர்த்து நினைக்கவும், இனி போர் வேண்டாம் என்று சொல்லவும் வந்த பூ அது. பின்னர் அந்தப் பணியை பீஸ் பிளெட்ஜ் யூனியன் என்ற போர் எதிர்ப்பு அமைப்பு எடுத்துக்கொண்டது. 1986இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் நாடாளுமன்றத்தில் அந்தப் பூவின்மேல் ஆழ்ந்த வெறுப்பு என்று சொன்னார். லீஜனோ சிவப்பு, வெள்ளை, இரண்டும், எதுவும் வேண்டாம் என்று எதை எடுத்தாலும் அது உங்கள் விருப்பம் என்கிறது. சிவப்புப் பூவுக்குச் சொந்தக்காரர்களே அமைதியாக இருக்க, அவர்களுக்காகக் கோபப்படுகிறவர்கள்தான் சத்தம் போடுகிறார்கள்.

அதே காலத்தில் இலங்கையில் நடந்தது தமிழர்களுக்கே அதிகம் தெரியாத கதை. போர்நிறுத்த நாளில் அங்கேயும் பாப்பி விற்றார்கள். பணம் பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களுக்குப் போனது. அந்தப் போருக்குப் போய்வந்த இலங்கையரான ஏலியன் பெரேரா, உள்ளூர் வீரர்களுக்காக அதே நாளில் சூரிய மல்லை விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்று சிங்களத்தில் சொல்வது நம் பூவரசம் பூவைத்தான். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை, இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்கும்படி நிர்ப்பந்திப்பதைக் கண்டித்து சிலோன் டெய்லி நியூஸில் எழுதினார். ஆங்கிலேயர்களே அவரைத் தூற்றினார்கள். பிறகு தென் கொழும்பு இளைஞர் கழகம் பூவரசம் பூ விற்பனையைக் காலனி ஆட்சிக்கு எதிரான இயக்கமாக நடத்தியது. இரண்டாம் உலகப் போர் வரை ஆண்டுதோறும் பாப்பி விற்பவர்களுக்கு எதிரிலேயே இளைஞர்கள் பூவரசம் பூ விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். தெருவில் நிதி திரட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்து அதை முடக்கப் பார்த்தது அரசு. அந்தப் பள்ளிப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். யார் இறந்தார், எதற்கு இறந்தார் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பூவில் என்ன அஞ்சலி இருக்க முடியும்?

மறுப்பவருக்கும் இறந்தவர் உண்டு

ஜேம்ஸ் மெக்ளீன் வடஅயர்லாந்தின் டெரி நகரத்தில் பிறந்த கால்பந்து வீரர். இங்கிலாந்துக் கிளப்புகளில் ஆடினார். 2012 முதல் பாப்பி போட்ட சட்டையை அணிய மறுத்துவந்தார். மைதானத்தில் வசவு, கொலை மிரட்டல் எல்லாம் வந்தன. 2014இல் தன் கிளப்பின் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் காரணத்தைச் சொன்னார். உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் அணிந்திருப்பேன்; ஆனால் அதற்குப் பின் பிரிட்டன் நடத்திய எல்லாச் சண்டைகளிலும் இறந்த வீரர்களையும் இந்தப் பூ குறிக்கிறது என்றார். டெரியில் 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் படை ஆயுதமில்லாத ஊர்வலத்தினர்மேல் சுட்டது. 13 பேர் அன்றே இறந்தார்கள். அவர்களில் சிலர் மெக்ளீன் வளர்ந்த கிரெகன் பகுதிக்காரர்கள். அவர் பூவை மறுத்ததும் ஒருவகை அஞ்சலிதான். அது வேறு இறந்தவர்களுக்கு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வடஅயர்லாந்தில் எனிஸ்கில்லன் என்ற ஊரில் 1987 நவம்பர் 8 அன்று நினைவு நாளுக்காகக் கூடியிருந்தவர்கள்மேல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ குண்டு வைத்து 11 பேரைக் கொன்றது. அந்தக் குடும்பங்களுக்குப் பாப்பி வெறும் காகிதம் இல்லை. அதனால்தான் 2024 நவம்பரில் வடஅயர்லாந்தின் முதல் அமைச்சர் மிஷேல் ஓனீல் செய்தது கவனிக்கத்தக்கது. வடஅயர்லாந்து பிரிட்டனைவிட்டு அயர்லாந்தோடு சேர வேண்டும் என்னும் சின் ஃபேன் கட்சிக்காரரான அவர் பெல்ஃபாஸ்ட் நினைவு நாள் நிகழ்ச்சிக்குப் போனார். பாப்பி அணியவில்லை, லாரல் இலை வளையத்தை வைத்துத் தலைகுனிந்து நின்றார். இரண்டு தரப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அது துணிச்சலாகப்பட்டது.

அப்படியானால் என்ன செய்தாலும் விருப்பம் என்று விட்டுவிடலாமா? முடியாது. 2010 நவம்பர் 11இல் லண்டனில் சிலர் மௌன நேரத்திலேயே கோஷம் போட்டுக்கொண்டு பாப்பியை எரித்தார்கள். ஒருவருக்கு நீதிமன்றம் 50 பவுண்டு அபராதம் விதித்தது. நான் மௌனத்தில் சேரவில்லை என்பது என் உரிமை. பக்கத்தில் நிற்பவரின் மௌனத்தைக் கலைப்பது அந்த உரிமைக்குள் வராது. கல்லறையை உடைப்பது, வைத்த மாலையைத் தூக்கி எறிவது, விளக்கை அணைப்பது எல்லாம் அப்படித்தான். யாரையும் நினைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, நினைப்பவரைத் தடுக்கவும் கூடாது. புரிந்துகொள்ளக் கடினமான கருத்து இல்லை. நம் பக்கத்து இறந்தவர் என்று வரும்போது கடைப்பிடிக்கத்தான் கடினம்.

இலங்கைப் போர் முடிந்த பிறகு நடந்தவை அதற்குச் சாட்சி. விடுதலைப் புலிகள் தங்கள் இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை ராணுவம் இடித்துத் தள்ளியது. கோப்பாய் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இல் படைத் தலைமையகமே திறந்தார்கள். பிள்ளையின் கல்லில் கைவைத்து அழுத தாய்க்கு அந்தக் கல்லும் இல்லாமல் போனது. அந்தப் பிள்ளை தூக்கிய ஆயுதத்தைப் பற்றி அரசுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். தாயின் அழுகைக்கு அதில் என்ன சம்பந்தம்? 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இடிக்கப்பட்டது. மாணவர்கள் போராடியதும் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. 2024 மே மாதம் சம்பூரில் அவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். அதே நாட்டில், இரண்டு முறை அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சி தன் இறந்தவர்களை ஒவ்வொரு நவம்பர் 13 அன்றும் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. அது அவர்கள் உரிமை, இருக்கட்டும். அதே நவம்பரில் 27ஆம் தேதி, புலிகளின் மாவீரர் நாளில், விளக்கேற்றும் தாய்க்கும் அதே உரிமை வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நம்மிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. எல்லாத் தமிழ் வீட்டிலும் நவம்பர் 27 ஒரே மாதிரி வருவதில்லை. பிள்ளையைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதை மறக்காத வீடுகள் உண்டு. யாழ்ப்பாண மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் சகாக்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாள்தான் நினைவு நாள். 1990 ஆகஸ்ட் 3இல் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பறிகொடுத்த, கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு ஆகஸ்ட் 3. இவர்களைத் துரோகி என்றோ, இனத்தைப் பிரிக்கிறவர்கள் என்றோ சொல்லி வாயடைப்பதும், பாப்பி அணியாதவரைத் திட்டுவதும் ஒரே காரியம்தான்.

இந்திய அமைதிப்படையின் கதை இன்னும் சிக்கலானது. 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டார்கள். அங்கே ஊழியர்கள் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் படையில் 1,100க்கும் மேற்பட்ட வீரர்கள் இலங்கையில் இறந்தார்கள். 1990இல் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. அவர் எடுத்த நிலையும் ஒருவகை நினைவுதான். ஆனால் அந்தக் கப்பலில் திரும்பாத சிப்பாயின் மனைவிக்கு அதனால் துக்கம் குறைந்துவிடாது. மருத்துவமனையில் இறந்த தாதியின் வீட்டாரும் அந்தச் சிப்பாயின் வீட்டாரும் ஒரே மண்டபத்தில் ஒரே விளக்கை ஏற்ற வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தனித்தனியாக ஏற்ற இரண்டு பேருக்கும் இடம் இருந்தால் போதும்.

இனி நடைமுறைக்கு வருவோம். பிரிட்டனில் வேலை செய்கிறவர்களுக்கு: உண்டியலோடு நிற்பவர் உங்களை வற்புறுத்த மாட்டார். காசு போட்டுவிட்டுப் பூ எடுக்காமலும் போகலாம். நவம்பர் 11 காலை 11 மணிக்கு அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நின்றால் நீங்களும் பேச்சை நிறுத்தி நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் யாரை நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பூ ஏன் இல்லை என்று கேட்டால் ஒரு வரியில் சொன்னால் போதும், வாதாட வேண்டியதில்லை. பள்ளியிலிருந்து பிள்ளை பாப்பியோடு வந்தால் அது யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: ஹாரி பேட்ச் பற்றி, பாஸ்ராவில் பெயரில்லாமல் போன சிப்பாய்கள் பற்றி, பூவரசம் பூ விற்ற இளைஞர்கள் பற்றி. உங்கள் வீட்டில் இறந்தவர் யாராவது இருந்தால் அவரைப் பற்றியும். அடுத்த நவம்பரில் எந்தப் பூ, அல்லது பூவே வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.